டெலிபோன் நிலையத்தில் ஒரு "பதிலி"!
ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்து வேலை செய்யும் யந்திரங்களின் கதை

காலை ஷிப்டு சங்கு ஊதுவதற்கு முன்பே மில் கேட்டில் ஒரு கூட்டம் நிற்கும். பெங்களூரில் பின்னி மில்லும் மினர்வா மில்லும் ஓடிய காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும்.

கூட்டத்தில் நிற்பவர்கள் நிரந்தரத் தொழிலாளிகள் அல்ல. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராமல் போனால் அவருடைய தறியில் நிற்க வேண்டியவர்கள். அவர்களுக்குப் "பதிலி" என்று பெயர். மேஸ்திரி வந்து பார்ப்பார். காலியான இடத்துக்கு ஒருவரைக் கை காட்டி அழைப்பார். அவர் உள்ளே போவார். ஆள் வரவில்லை என்பதற்காகத் தறி நிற்காது.

மனிதனுக்குப் பதிலி வைத்த மனிதன், யந்திரத்துக்கும் பதிலி வைத்தான். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இன்று டெலிபோன் இல்லை. பாங்கிக் கணக்கு இல்லை. ரெயில் டிக்கெட் இல்லை. அது எப்படி வேலை செய்கிறது, எப்போது காலை வாரிவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நம்மைப் போல் வெளியூரில் வந்து பிழைப்பவர்களுக்கு மிகவும் அவசியம்.

இரவு நேர அழைப்பு

கைப்பேசி வராத காலத்தை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் எஸ்.டி.டி. பூத்துகளின் வாசலில் இரவில்தான் கூட்டம். இரவில் கட்டணம் குறையும் என்பதே காரணம். ஊரில் நம் வீட்டில் டெலிபோன் இருக்காது. மளிகைக் கடைக்காரர் வீட்டிலோ வாத்தியார் வீட்டிலோ இருக்கும். அந்த எண்ணுக்குப் போட்டு, "எங்கள் அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்" என்று கெஞ்ச வேண்டும்.

அதே வழியில்தான் எதிர்ப்பக்கத்துச் செய்தியும் வரும். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. உடனே புறப்பட்டு வா!"

அந்த ஓர் அழைப்பு கிடைத்ததால் இரவு பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கடைசியாக முகம் பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். டெலிபோன் நிலையம் அன்று இரவு ஒரு மணி நேரம் செத்துக் கிடந்திருந்தால்? அந்த முகத்தைப் பார்த்திருக்கவே முடியாது. ஆகவே, டெலிபோன் நிலையம் நிற்கக் கூடாது என்பது என்ஜினீயர்களின் கவலை மட்டுமல்ல, நமது கவலையும்தான்.

மூளை இல்லாத யந்திரம்

பெங்களூர் தூரவாணி நகரில் உள்ள ஐ.டி.ஐ. என்ற இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை 1948-ல் தொடங்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறைத் தொழிற்சாலை அதுதான். தமிழர்கள் ஏராளமானோர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். ஆரம்ப ஆண்டுகளில் அங்கே தயாரானவை "ஸ்ட்ரோஜர்" வகை யந்திரங்கள்.

ஸ்ட்ரோஜர் என்பது ஒருவருடைய பெயர். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் சவ அடக்கத் தொழில் செய்தவர் அவர். 1891-ல் தன் கண்டுபிடிப்புக்கு உரிமை பெற்றார். நாம் எண் சுழற்றினால் அந்த எண்ணிக்கைப்படி ஓர் இரும்புக் கை மேலே ஏறும். பிறகு வட்டமாகத் திரும்பும். கேட்ட கம்பியில் போய் உட்காரும். நிலையத்துக்குள் போனால் "கட கட" என்று நாள் முழுவதும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த யந்திரத்துக்கு மூளை கிடையாது. ஆயிரம் இரும்புக் கைகள், ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே செய்யும். ஒரு கை பழுதானால் அந்த வழியாக வரும் சில அழைப்புகள் கெடும். மற்றவை நடக்கும். மொத்த நிலையமும் ஒரே நொடியில் படுக்காது. எண்ணெய் போடவும், துடைக்கவும், சரி செய்யவும் ஆட்கள் நிறைய வேண்டும் என்பதுதான் அதில் உள்ள கஷ்டம்.

ஒரே மூளை, ஒரே ஆபத்து

பிறகு எலெக்ட்ரானிக் காலம் வந்தது. எண்ணைப் புரிந்துகொண்டு, வழி தேடி, இணைத்து, கணக்கு எழுதும் வேலை எல்லாம் ஒரு கம்ப்யூட்டரிடம் போயிற்று. இடம் குறைந்தது, ஆள் குறைந்தது, வேகம் கூடிற்று. ஆனால் புதிய ஆபத்து ஒன்றும் கூடவே வந்தது. மூளை ஒன்றுதானே? அது மயங்கி விழுந்தால் ஊரே ஊமை!

1965-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் சக்கசன்னா என்ற சிற்றூரில் பெல் நிறுவனம் முதலாவது பெரிய எலெக்ட்ரானிக் டெலிபோன் நிலையத்தைத் திறந்தது. அதை அமைத்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட இலக்கு என்ன தெரியுமா? 40 ஆண்டுகளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நிலையம் நிற்கக் கூடாது! வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 3 நிமிடம்.

ஒரே மூளையை வைத்து இதைச் சாதிக்க முடியாது. எனவே இரண்டு மூளைகளை வைத்தார்கள். இரண்டும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போடும். விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வேறுபட்டால் எதில் கோளாறு என்று சோதனை நடக்கும். கெட்டது ஒதுங்கும்; நல்லது தொடரும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு யந்திரம் 100 நாளில் ஒரு நாள் படுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே போன்ற இரண்டு யந்திரங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் பழுதாகின்றன என்றால், இரண்டும் ஒரே நாளில் படுப்பது 10,000 நாளில் ஒரு நாள். அதாவது சுமார் 27 ஆண்டுக்கு ஒரு முறை. "சம்பந்தம் இல்லாமல்" என்ற சொல்லை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

கிட்டூரில் ஒலித்த மணி

1984 ஆகஸ்டில் மத்திய அரசு "சி-டாட்" என்ற ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தியது. டெல்லியிலும் பெங்களூரிலும் அதன் வேலைகள் நடந்தன. ஒரிசாவில் பிறந்து அமெரிக்காவில் டெலிபோன் என்ஜினீயராக இருந்த சாம் பிட்ரோடா அதன் பின்னால் இருந்த முக்கியப் புள்ளி. 36 மாதம், 36 கோடி ரூபாய் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கெடு.

அவர்கள் செய்த சிறிய கிராம டெலிபோன் நிலையம் முதன்முதலில் 1986-ல் கர்நாடகத்தில், ராணி சென்னம்மா ஆண்ட கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. ஒரு பீரோ அளவுள்ள பெட்டி. 128 முனைகள். நம் ஊர் வெயிலையும் தூசியையும் எண்ணி, ஏர்-கண்டிஷன் இல்லாமலே ஓடும்படி அமைத்திருந்தார்கள். பின்னர் இந்த வகை நிலையங்களை ஐ.டி.ஐ. உள்பட பல தொழிற்சாலைகள் தயாரித்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் அவை போயின. வாத்தியார் வீட்டு டெலிபோன் ஒலித்தது இந்தப் பெட்டிகளின் புண்ணியத்தால்தான்.

அந்தப் பெட்டியைத் திறந்தால் அட்டை அட்டையாகச் செருகியிருக்கும். சந்தாதாரர்களின் கம்பி வந்து சேரும் அட்டைகளுக்குப் பதிலி கிடையாது. அது கெட்டால் சில வீட்டு டெலிபோன்கள் மட்டும் ஓயும். ஆனால் எல்லோருக்கும் பொதுவான மூளை அட்டைகள் இரண்டு பிரதியாக இருக்கும். மின்சாரம் தரும் அட்டையும் இரண்டு. ஒரு பிரதி பொறுப்பில் இருக்கும். மற்றது தயார் நிலையில் காத்திருக்கும்.

எங்கே பதிலி வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். பத்துப் பேர் பாதிக்கப்படும் இடத்தில் செலவைப் பார். ஊரே பாதிக்கப்படும் இடத்தில் செலவைப் பார்க்காதே!

பொறுப்பு மாறுவது எப்படி?

பொறுப்பில் உள்ள மூளை சில நொடிகளுக்கு ஒரு முறையோ, அதைவிட அடிக்கடியோ, "நான் நலம்" என்று ஒரு சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை நாடித் துடிப்பு என்று சொல்லலாம். துடிப்பு தொடர்ந்து சில முறை வராவிட்டால், பதிலி எழுந்து பொறுப்பை ஏற்கும்.

இது போதுமா? போதாது. மில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் எந்த ரகம் ஓடுகிறது, எத்தனை கெஜம் முடிந்தது, எங்கே நூல் அறுந்தது என்பதெல்லாம் தெரியாத பதிலி போய் நின்றால் துணி வீணாகும். யந்திரத்திலும் அப்படியே. யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கு மீட்டர் ஓடுகிறது என்ற விவரத்தைப் பொறுப்பில் உள்ள மூளை அவ்வப்போது பதிலிக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படிச் சொல்லி வைத்திருந்தால், மாற்றம் நடக்கும்போது பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. பாதி எண் சுழற்றியவர் மட்டும் மறுபடி சுழற்ற வேண்டியிருக்கும். சொல்லி வைக்காமல், சுவிட்சு போடாமல் மூலையில் இருக்கும் பதிலியும் உண்டு. அதை எழுப்பி, விவரம் சொல்லி, வேலைக்கு விட நேரம் ஆகும். விலை குறைவு, தாமதம் அதிகம்.

ஒரு தறிக்கு இரண்டு பேர்

இதில் வேடிக்கையான ஆபத்து ஒன்று உண்டு. பொறுப்பில் உள்ள மூளை நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள கம்பி மட்டும் அறுந்துவிட்டது. துடிப்பு வராததால் பதிலி என்ன நினைக்கும்? "அண்ணன் போய்விட்டான்" என்று நினைத்து வேலையைத் தொடங்கிவிடும். அண்ணனோ இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறான்!

ஒரு தறியில் இரண்டு பேர் நின்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? பாங்கிக் கணக்கில் இது நடந்தால், ஒரே பணத்தை இரண்டு பேருக்குக் கொடுத்ததாக எழுதிவிடும். எனவே பதிலி பொறுப்பேற்கும் முன், பழையதன் கையைக் கட்டிவிட வேண்டும். அதன் மின்சாரத்தையே துண்டித்துவிடும் அமைப்புகளும் உண்டு. சந்தேகம் வந்தால் மூன்றாவதாக ஒரு நடுவரைக் கேட்கும் ஏற்பாடும் உண்டு.

மூன்று கடிகாரங்கள்

இனி, "சம்பந்தம் இல்லாமல்" என்ற சொல்லுக்கு வருவோம்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். போல நமக்கென்று இடம் காட்டும் செயற்கைக் கோள்களை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் உருவாக்கியது. அவற்றில் முதலாவது 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இந்தக் கோள்களின் உயிர் அதன் அணுக் கடிகாரத்தில் இருக்கிறது. கடிகாரம் நொடியில் மிகச் சிறு பங்கு பிசகினாலும் இடம் தவறாகிவிடும். எனவே ஒரு கோளில் மூன்று கடிகாரங்களை வைத்தார்கள். ஒன்று ஓடும்; மற்றவை பதிலி.

2016-ல் தொடங்கிய கோளாறில் முதலாவது கோளின் மூன்று கடிகாரங்களும் ஒன்றன் பின் ஒன்றாகப் பழுதாயின. மூன்றும் வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஒரே வகைக் கடிகாரங்கள். மூன்று கடிகாரங்கள் இருந்தாலும், மூன்றுக்கும் ஒரே பரம்பரை நோய் இருந்தால் என்ன பயன்?

சோதனை அத்துடன் முடியவில்லை. அந்தக் கோளுக்குப் பதிலியாக 2017 ஆகஸ்டு 31 அன்று ஏவிய கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் கழலாததால் உள்ளேயே சிக்கி வீணாயிற்று. 2018 ஏப்ரல் 12 அன்று ஏவியதுதான் போய்ச் சேர்ந்தது. பிறகு 2023 மே 29 அன்று ஏவிய கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் இடம் பெற்றது.

பதிலிக்கும் தொற்றிய நோய்

1990 ஜனவரி 15. அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் வெளியூர் டெலிபோன் வலை. நியூயார்க்கில் ஒரு நிலையத்துக்குச் சிறு கோளாறு. அது முறைப்படி சில நொடிகள் ஒதுங்கி, தன்னைச் சரி செய்துகொண்டு திரும்பி வந்தது. "நான் வந்துவிட்டேன்" என்று அக்கம்பக்கத்து நிலையங்களுக்குச் சேதி அனுப்பியது.

அந்தச் சேதியைக் கையாளும் புரோகிராமில் ஒரு பிழை இருந்தது. சேதியும் அடுத்த அழைப்பும் மிக நெருக்கமாக வந்தபோது பக்கத்து நிலையம் குழம்பி ஒதுங்கியது. அதன் பதிலியும் அதே புரோகிராமில் ஓடியதால் அதுவும் குழம்பியது. பிறகு அது திரும்பி வந்து, "நான் வந்துவிட்டேன்" என்றது, அடுத்தது குழம்பியது! இப்படி 114 நிலையங்களும் 9 மணி நேரம் மாறி மாறி விழுந்து எழுந்தன. காப்பாற்ற வந்த ஏற்பாடே நோயைப் பரப்பியது.

வேறு விதமான பாடமும் உண்டு. 1988 மே 8 அன்று சிகாகோ அருகே ஹின்ஸ்டேல் என்ற ஊரில் ஒரு டெலிபோன் நிலையம் தீப்பிடித்து எரிந்தது. மூளைக்குப் பதிலி இருந்து என்ன? கட்டிடத்துக்குப் பதிலி இல்லை. சுமார் 35,000 சந்தாதாரர்கள் ஊமையானார்கள். முழுதும் சரியாகப் பல நாட்கள் பிடித்தன.

பம்பாயும் சென்னையும்

கட்டிடத்துக்கே பதிலி வேண்டும் என்பதால்தான் பெரிய நிறுவனங்கள் வேறு ஊரில் ஒரு மாற்று நிலையத்தை வைத்திருக்கின்றன. மும்பையில் உள்ள தேசியப் பங்குச் சந்தையின் மாற்று நிலையம் நம் சென்னையில் இருக்கிறது. மும்பையில் பூகம்பமே வந்தாலும் சென்னையிலிருந்து வியாபாரம் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40 மணிக்கு அங்கே வியாபாரம் நின்றது. கம்பித் தொடர்பு கொடுத்த இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளிலும் கோளாறு என்று அறிவித்தார்கள். சென்னைப் பதிலி தயாராக இருந்தது. ஆனால் அதற்கு மாறவில்லை! மாலை 3.45 மணிக்குத்தான் சந்தை மறுபடி திறந்தது. மாற்று நிலையம் இருந்தும் ஏன் மாறவில்லை என்று நாடு முழுவதும் கேள்வி எழுந்தது.

கட்டுப்பாட்டு அமைப்பான "செபி" அடுத்த மாதமே விதியைக் கடுமையாக்கியது. கோளாறு நடந்த 30 நிமிடத்துக்குள் "இது பேரிடர்" என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று நிலையம் ஓட வேண்டும். 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் சந்தையைத் தனியாகத் திறந்து, பாதி நேரம் மும்பையிலிருந்தும் பாதி நேரம் மாற்று நிலையத்திலிருந்தும் உண்மையான வியாபாரத்தையே நடத்திப் பார்த்தார்கள்.

யந்திரம் தயாராக இருந்தாலும், "மாறு" என்று சொல்ல வேண்டிய மனிதர்கள் தயங்குகிறார்கள். காரணம் எளிது. மாறினால் அதுவும் ஓடாமல் போய்விடுமோ என்ற பயம்! அடிக்கடி மாற்றிப் பழகினால்தான் அந்தப் பயம் போகும்.

நம் கையில் உள்ளது

இன்று கிராமத்துப் பெட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. கைப்பேசிக் கோபுரங்கள் வந்துவிட்டன. சி-டாட் இன்று அந்த வலைக்கான மூளையைச் செய்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் உள்நாட்டு 4ஜி வலையில் சி-டாட் செய்த மூளையும், பெங்களூர் தேஜஸ் நிறுவனத்தின் ரேடியோக் கருவிகளும் ஓடுகின்றன. பெட்டி மாறினாலும் பதிலி முறை மாறவில்லை.

நம்மவர்களில் பலர் இன்று அந்த யந்திரங்களுக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் மையத்தில் இரவுக் காவல், பாட்டரி அறையில் டெக்னீஷியன், ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓட்டுபவர், அலுவலகத்தில் ரிக்கார்டு குமாஸ்தா. இவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு பதிலியின் உயிர் இருக்கிறது.

ஓடும் யந்திரம் கெட்டால் உடனே தெரியும். ஊரே சத்தம் போடும். காத்திருக்கும் யந்திரம் கெட்டால் யாருக்கும் தெரியாது. பாட்டரி வறண்டு போகும். டீசல் தீர்ந்திருக்கும். நகல் எடுத்து வைத்த கணக்கு மூன்று மாதம் பழையதாக இருக்கும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். தேவைப்படும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

எனவே உங்கள் பொறுப்பில் ஜெனரேட்டரோ, மாற்றுக் கம்ப்யூட்டரோ, இன்னொரு சாவிக் கொத்தோ இருந்தால், அதிகாரியிடம் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள். "ஐயா, இதைக் கடைசியாக எப்போது உண்மையான பாரத்தில் ஓட்டிப் பார்த்தோம்?" பதிவேட்டில் தேதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இந்த வாரமே ஒரு நாள் குறியுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில், எல்லோருக்கும் சொல்லிவிட்டு, மாற்றிப் பாருங்கள். அன்று வரும் கோளாறு நமக்குத் தெரிந்து, ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது வந்த கோளாறு.

மில் கேட்டில் நின்ற பதிலிகளை மேஸ்திரி தினமும் காலையில் முகம் பார்த்தார். யார் வந்தான், யார் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்பது சங்கு ஊதும் முன்பே அவருக்குத் தெரியும். மில்கள் மூடிவிட்டன. யந்திரப் பதிலியோ கேட்டில் வந்து நிற்பதில்லை. அதன் முகத்தை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.